பிளாஸ்டிக் பையில பாய்: பின்னுறது சுலபம், மத்ததுதான் பெரும்பாடு

வீடில்லாம ரோட்டோரம் படுக்கறவங்களுக்குக் குடுக்க நாங்க பழைய பிளாஸ்டிக் பையில பாய் பின்னுறோம். பின்னுறது எப்படினு இதுல பெருசா எழுதப் போறதில்ல. பைய நீவி மடிச்சு, கைப்பிடியையும் அடியையும் வெட்டிப் போட்டுட்டு, மிச்சத்த மூணு வெரல் அகலத்துக்கு வளையம் வளையமா நறுக்கி, ஒண்ணோட ஒண்ணு கோத்து உருண்டையா சுத்தி, தடியான குரோஷே ஊசியில (நுனியில கொக்கி இருக்கற பின்னல் ஊசி) பின்னணும், அவ்ளோதான். வயர் கூடை போட்ட கைக்கு ஒரு மத்தியானத்துல வந்துரும். ஊசி மட்டும் எங்க ஊரு, மலேசியாவுல சிலாங்கூர் மாநிலத்துல இருக்கற பெஸ்தாரி ஜெயாவுல, எந்தக் கடையிலயும் அந்த சைஸ்ல கெடைக்கல, ஒரு அங்கிள் மூங்கில்ல செதுக்கிக் குடுத்தாரு. எங்க குழுவுல பாதிப் பேரு ஒரு காலத்துல எஸ்டேட்டுல பால்மரம் (ரப்பர் மரம்) சீவுன பாட்டிங்க, அவங்க வேகத்துக்கு எங்களால வெட்டிக் குடுக்க முடியல.

வம்பு பையிலதான் ஆரம்பிச்சுது. ஆள் படுக்கற மாதிரி 6 அடி பாய்க்கு 500-லேந்து 700 பை வரைக்கும் வேணும். சிலாங்கூர்ல 2017-ல கடையில பைக்கு 20 சென் வாங்க ஆரம்பிச்சாங்க, அதனால வீட்டுல பை சேர்றதே கொறஞ்சு போச்சு, அது நல்லதுதான், ஆனா நாங்க பாசார் மாலாம் (ராத்திரி சந்தை), ஒட்டுக்கடைனு கேட்டு அலைய வேண்டியதாயிருச்சு. அப்ப ஒரு மளிகைக் கடைக்காரர் ஸ்டோர்ல ரொம்ப நாளா கெடந்த பைய கட்டு கட்டா தூக்கிக் குடுத்தாரு, புதுப் பை, மடிப்பு கூட கலையல. எங்களுக்கு சந்தோஷம் தாங்கல. பாட்டிங்க ராத்திரி டிவி பாத்துக்கிட்டே பின்னித் தள்ளுனாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு பாட்டி பாய விரிச்சு உதறுனாங்க பாருங்க, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கி தரை முழுக்க வெள்ளத் தூள். அந்தப் பாட்டி ஒண்ணுமே பேசல, தூள கூட்டி அள்ளிட்டு மறுபடியும் கத்தரிக்கோல எடுத்துட்டாங்க. எனக்குத்தான் மனசு ஆறல.

அது தானா ஒடஞ்சு போற ரகம் பை. அதுல சிலது வெயிலும் சூடும் பட்டா சின்னச் சின்னத் துண்டா ஒடையும், அவ்ளோதான், மண்ணோட மண்ணா போயிடும்னு நெனைக்காதீங்க. கோலாலம்பூர்ல 2017-ல கடைங்க மக்குற பைதான் குடுக்கணும்னு விதி கொண்டு வந்தாங்க, அதனால அங்க வேலை பாக்குற புள்ளைங்க வீட்டுக்கு கொண்டு வர்ற பைய நாங்க இப்ப தனியா பிரிச்சு வெச்சுதான் பாக்குறோம். நீங்க செய்யறதா இருந்தா முக்கோணத்துக்குள்ள 2-னு போட்ட, கையில கசக்குனா சரசரனு சத்தம் போடுற பைய எடுங்க. ரெண்டு கையாலயும் இழுத்துப் பாருங்க, நல்ல பை நீளும், தானா ஒடையற ரகத்துல பழைய பை டக்குனு பிஞ்சுரும். மக்கும்னு அச்சடிச்சிருந்தா எவ்ளோ அழகா இருந்தாலும் வேணாம்.

அடுத்து, உக்காந்து பின்ன எடம். பாலாய் ராயாவ (ஊர் பொது மண்டபம்) ஞாயித்துக்கெழமை மட்டும் தாங்கனு கேட்டோம். அங்க இருந்த கிராணி (கிளார்க்கு) சூராட்டு, அதான் கடுதாசி, இருக்கானு கேட்டாரு, எழுதிட்டுப் போனா சங்கம் பதிவு நம்பர் எங்கனாரு, நாங்க சங்கமே இல்ல சார், பாட்டிங்களும் அக்காங்களும் சேந்து பாய் பின்னுறோம்னு சொன்னா, அப்ப பெரியவர் வரட்டும் அவர்தான் சொல்லணும்னுட்டாரு. பெரியவர் எப்ப போனாலும் மீட்டிங்குல. எழுவது வயசு பாட்டிங்க பூட்டுன கதவுக்கு முன்னாடி படியில உக்காந்து வெயில்ல பை வெட்டுனாங்க, அத நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. கடைசியில கோயில் தலைவர்கிட்ட கேட்டோம், சாயங்காலமே அன்னதானக் கூடத்து சாவிய கையில குடுத்துட்டாரு.

அதவிட மோசம் பாய கொண்டு போன அன்னிக்கு நடந்தது. கோலாலம்பூர்ல வீடில்லாதவங்க தங்கற ஒரு காப்பகத்துக்கு போன் போட்டு கேட்டோம், கொண்டு வாங்கனுதான் சொன்னாங்க. வேனுக்கு ஆளாளுக்கு வெள்ளி (ரிங்கிட்) போட்டு எடுத்துட்டுப் போனா, கேட்டுலயே நிறுத்தி பழைய பிளாஸ்டிக் சாமான் எடுக்கறதில்லனு திருப்பி அனுப்புனாங்க. சோப்பு போட்டுக் கழுவி காய வெச்சதுனு சொல்லியும் தொட்டுக் கூட பாக்கல.

திரும்பி வர மனசு வரல. ராத்திரி அதே கோலாலம்பூர்ல மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் பக்கம், ரோட்டுல படுக்கறவங்களுக்கு சாப்பாடு பொட்டலம் குடுக்கற பசங்கள புடிச்சோம். தம்பிங்க மொகம் சுளிக்காம எங்கள கூட்டிக்கிட்டாங்க. யாரு எங்க படுப்பாங்க, எந்த எடத்துல வேன் நிறுத்தலாம்னு அவங்களுக்கு அத்துப்படி. 2014-ல நகர நடுவுல 2 கிலோமீட்டருக்குள்ள சாப்பாடு குடுக்கக் கூடாதுனு ஒரு பேச்சு வந்து பெரிய சண்டையாச்சே, ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி விஷயமெல்லாம் தெரிஞ்சவங்களோடதான் போகணும், தனியா போகாதீங்க.

அங்க ஒரு அங்கிள், அவரும் ஒரு காலத்துல எஸ்டேட்டு ஆளுதான், தோட்டத்த வித்தப்ப வெளிய வந்தவராம். அட்டைப் பெட்டி மேல உக்காந்திருந்தாரு, அதுல பாதி மழையில ஊறிக் கெடந்துச்சு. பாய தடவிப் பாத்தாரு, தண்ணி ஊறாதுல்லனு கேட்டாரு, படுத்துப் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு, "பாய் நல்லாருக்கும்மா, ஆனா கடை தெறக்கறதுக்குள்ள நான் எழுந்து போயிடணும். நாள் முழுக்க இத கக்கத்துல இடுக்கிக்கிட்டு எப்படி நடக்கறது? இங்கயே வெச்சுட்டுப் போனா குப்பைனு அள்ளிருவாங்க." பாய் பின்னச் சொல்லிக் குடுத்த எந்த வீடியோவுலயும் எங்களுக்கு இத யாரும் அழுத்திச் சொல்லல. அங்கயே ஒரு அக்கா மிச்சமிருந்த உருண்டைய பிரிச்சு மூணு புரியா பின்னி வார் போட்டுக் குடுத்தாங்க, அவர் பாய சுருட்டி தோள்ல மாட்டி நாலு எட்டு நடந்து பாத்து சரினு தலையாட்டுனாரு. எனக்கு அன்னிக்கு அது போதும்.

இப்ப ஒவ்வொரு பாய்க்கும் வார் போடறோம், அகலம் ரெண்டரை அடிக்கு மேல விடறதில்ல, அழுக்கு தெரியாத கலரா பாத்து வெளிப்பக்கம் வெக்கறோம். பாய குடுக்கும்போதே கொசுவத்திய தள்ளி வெக்கச் சொல்லிருங்க, நெருப்பு பட்டா உருகிரும்.

பை குடுக்கறவங்களுக்கு ஒண்ணு. மீன், கோழி வாங்குன பைய நல்லா கழுவி காய வெச்சுக் குடுங்க, இல்லனா கூடம் முழுக்க எறும்பு. முடிச்சு போட்டுக் குடுக்காதீங்க, தட்டையா மடிச்சுக் குடுங்க, முடிச்ச அவுக்கறதுலயே பாட்டிங்க நகமெல்லாம் போவுது.