வயரிங் ஈஸிங்க, டெஸ்டிங் தான் ஆளை உக்கார வெக்கும்

வீட்டு வயரிங் கோர்ஸ் முடிச்சு, பிராக்டிகல், வைவா எல்லாம் பாஸ் பண்ணி சர்டிஃபிகேட் கையில வாங்கியாச்சு. இதுல இறங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். பைப் வளைக்கிறது, வயர் இழுக்கிறது, டூ வே சுவிட்ச் கனெக்ஷன், இதெல்லாம் தான் கோர்ஸே-ன்னு நெனச்சு தான் பாதிப் பேர் வர்றாங்க, ஆனா அதெல்லாம் செய்யச் செய்ய கை பழகிடும்.

தியரில கணக்கு பயப்படற அளவுக்கு இல்ல. 2000 வாட் ஹீட்டர், 230 வோல்ட், வகுத்தா 8.7 ஆம்பியர், அடிப்படை அவ்ளோதான். ஆனா 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் இத்தனை ஆம்ப் தாங்கும்னு ஒரே நம்பரை மனப்பாடம் பண்ணிட்டுப் போனா மாட்டிப்பீங்க, ஒரே பைப்புக்குள்ள நாலஞ்சு சர்க்யூட் போனா சூடு வெளிய போக வழியில்லாம தாங்குற அளவு குறைஞ்சிடும்.

அடுத்து, லைன்ல கரன்ட் இல்லன்னு உறுதி பண்றது. மெயினை ஆஃப் பண்ணி லாக் போடணும், மீட்டரை முதல்ல கரன்ட் இருக்கிற எடத்துல வெச்சுப் பாக்கணும், அப்புறம் வேலை செய்யப்போற எடத்துல, அப்புறம் மறுபடியும் அந்தப் பழைய எடத்துல. "மீட்டரே செத்துக் கெடந்தாலும் ஜீரோ தானடா காட்டும்"னு மாஸ்டர் சொல்லுவார். நியான் டெஸ்டரை மட்டும் நம்பி யாராச்சும் போர்டுல கை வெச்சா அன்னிக்கு செம திட்டு.

பிராக்டிகல்ல ஃபால்ட் கண்டுபிடிக்கிறது தான் நிஜமான பரீட்சை. எனக்கு வந்த போர்டுல ஹீட்டரைப் போட்டா ஆர்சிசிபி (போற கரன்டும் வர்ற கரன்டும் சமமா இல்லன்னா சப்ளையை வெட்டுற சுவிட்ச்) ட்ரிப் ஆகுது, ஹீட்டரைக் கழட்டி மெகர் (இன்சுலேஷன் எவ்ளோ நல்லா இருக்குன்னு அளக்குற மீட்டர்) வெச்சா அது சுத்தமா இருக்கு. வெளக்கு சர்க்யூட்டோட எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட்டுக்கு தானா விழுற சுவிட்ச்) ஆஃப்ல தான் இருக்கு, அதனால அந்தப் பக்கம் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா சிங்கிள் போல் எம்சிபி பேஸை (கரன்ட் வர்ற வயர்) மட்டும் தான வெட்டுது, நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போற வயர்) அப்படியே பார்ல, அதாவது எல்லா நியூட்ரலும் சேர்ற பட்டைல நிக்குது! சப்ளையை ஆஃப் பண்ணிட்டு பார்ல இருந்து நியூட்ரலை ஒவ்வொண்ணா கழட்டி எர்த்தோட மெகர் வெச்சுப் பாத்தேன், வெளக்கு நியூட்ரல்ல ரீடிங் விழுந்துடுச்சு. ஒரு பாக்ஸுக்குள்ள அது எர்த்தைத் தொட்டுட்டு இருந்திருக்கு. ஹீட்டர் கரன்ட்ல ஒரு பங்கு அந்த வழியா எர்த்துல திரும்பிப் போனதால தான் ட்ரிப்.

டெஸ்ட் வரிசையும் கண்டிப்பா கேப்பாங்க. முதல்ல எர்த் கன்டினியூட்டி (எர்த் வயர் எங்கயும் அறுபடாம இருக்கான்னு பாக்குறது), அப்புறம் 500 வோல்ட் டிசில இன்சுலேஷன் (1 மெகோமுக்கு கீழ போகக்கூடாது, எல்இடி, டிம்மர் எல்லாத்தையும் கழட்டிட்டு தான் வெக்கணும்), அப்புறம் போலாரிட்டி (பேஸ், நியூட்ரல் மாறாம சரியான எடத்துல இருக்கான்னு பாக்குறது), இதுக்கெல்லாம் அப்புறம் தான் சப்ளை குடுக்கறதே. எர்த் சரியா இருக்கான்னு பாக்காம கரன்ட் விட்டா ஏதாவது மெட்டல் பாடில ஏறி நிக்கும், தொட்டவன் கதி என்னாகும்? கடைசில ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்ப்னா அந்த அளவுல 300 மில்லி செகண்டுக்குள்ள விழணும், அந்த ஆம்ப்ல பாதி அளவுல விழவே கூடாது.

வைவால ஒரே கேள்வில நெறைய பேர் தடுமாறினாங்க: ஒரு கைல பேஸ், ஒரு கைல நியூட்ரல் புடிச்சா ஆர்சிசிபி காப்பாத்துமா? காப்பாத்தாது, போற கரன்டும் வர்ற கரன்டும் சமமா இருக்கே, அதுக்கு நீங்களும் ஒரு பல்பு தான்.

இப்போ ஒரு சீனியர் கூட சைட்டுக்குப் போயிட்டு இருக்கேன், டெஸ்ட் ஷீட் நான் எழுதுறேன், கையெழுத்து அவர் போடுறார்.