எர்த் கிடைக்காத மலையில் ஒரு சார்ஜிங் பாயிண்ட்

மின்சாரக் காருக்கான சார்ஜர் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது செப்டம்பரில். அதில் பச்சை விளக்கு எரிந்தது பிப்ரவரி இரண்டாம் வாரத்தில். நடுவில் போன ஐந்து மாதத்தில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். மலையில் தங்கும் விடுதி நடத்துகிற வேறு யாரும் அதைத் திரும்பப் படக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகும் சாலையில் கட்டபெட்டு தாண்டி, உள்ளே தள்ளி ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், எங்கள் வீடு. சுமார் 1,900 மீட்டர் உயரம். கீழே தேயிலை, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் கேரட். மூன்று அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம்.

போன ஜூலையில் ஒரு குடும்பம் வந்தது. இ-பாஸ் எடுத்து, வழியில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருப்பதாகச் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள். அந்த ஸ்டேஷன் அன்று வேலை செய்யவில்லை. இரவு ஒன்பது மணிக்கு, பத்தடி தள்ளி எதுவும் தெரியாத மூடுபனியில், பேட்டரியில் 6 சதவீதத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து 15 ஆம்பியர் பிளக்கில் போட்டுக் கொடுத்தேன். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்காரிதான் கருகல் வாசனை வருகிறதென்று எழுப்பினாள். பிளக் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பதறுகிறது. கார் சார்ஜ் ஆவது மிக்ஸி ஓடுவது போலல்ல. எட்டு, பத்து மணி நேரம் ஒரே மூச்சில் இழுக்கும். தயவுசெய்து எக்ஸ்டென்ஷன் வயரில் யாருக்கும் போட்டுக் கொடுக்காதீர்கள்.

அந்த வாரமே ஒரு சார்ஜர் வாங்குவதென்று முடிவு செய்தேன். 7.2 கிலோவாட், 32 ஆம்பியர், டைப் 2 பிளக். விற்ற நிறுவனத்தின் பெயர் வேண்டாம். "சுவரில் மாட்டினால் முடிந்தது சார், அரை நாள் வேலை" என்றார்கள். நம்பிப் பணம் கட்டினேன்.

முதல் இடி காகிதத்தில் விழுந்தது. பழைய சிங்கிள் பேஸ் இணைப்பு இந்த லோடைத் தாங்காது. விருந்தினரிடம் சார்ஜிங்குக்குக் காசு வாங்கப்போகிறேன் என்பதால், வண்டிக்கென்று தனி மீட்டரோடு மூன்று பேஸ் இணைப்பு கேட்டேன். சார்ஜிங் பாயிண்ட் வைக்க உரிமம் எதுவும் தேவையில்லை. காசு வாங்கிச் சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. இதைக் கேட்காதவர்கள் இல்லை என்பதால் சொல்கிறேன். விண்ணப்பத்தை இணையத்தில் போட ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை.

சிக்கிக்கொண்டது வேறு இடத்தில். நிலம் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டா. வீட்டு வரி ரசீதில் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், பட்டாவில் இரண்டு. "வரி ரசீது போதும், வாங்க" என்று போனில் சொன்ன அதே அலுவலகத்தில், நேரில் போய் நின்றதும் "இரண்டும் ஒரே ஆள்னு எப்படிங்க நம்புறது?" என்று கேட்டார்கள். இறப்புச் சான்று எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை போனால் வாரிசுச் சான்று எங்கே என்றார்கள். அதோடு மூன்றாவது முறை போனபோதுதான் கூட்டுப் பட்டாவில் இருக்கிற மற்றவர்களின் ஒப்புதல் கடிதம் பற்றிப் பேச்சு வந்தது. இதை முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே பயணத்தில் முடிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் தேயிலை பறிக்க ஆள் வந்திருக்கும் நாளில் தோட்டத்தை விட்டுவிட்டுப் பஸ் பிடித்தவன் நான்.

சித்தப்பா ஊரிலேயே இருப்பதால் அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். அத்தை மைசூரில் இருக்கிறார். "கரண்டு கம்பிக்கு எதுக்குடா என் கையெழுத்து? நிலத்தை விக்கப் போறியா?" என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்த நேரிலேயே போக வேண்டியிருந்தது. கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்கள் விண்ணப்பம் போடும் முன்பே சொந்தபந்தங்களிடம் பேசி வைத்துவிடுங்கள். மலையில் முக்கால்வாசிப் பேர் நிலம் இப்படித்தான் இருக்கிறது.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவத்தைவிட இதுதான் பெரிய மழை. 2009 நவம்பரில் இந்த மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, மழை விட்ட பிறகும் மண் மேல் நம்பிக்கை வர நாளாகும். கம்பம் நட ஆட்கள் வந்தது டிசம்பரில். வந்தவர்கள் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மீட்டர் சுற்றியது, சார்ஜரை மாட்டியாயிற்று, சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு. அணைத்துப் போட்டேன். மறுபடியும் சிவப்பு.

விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "உங்க ஊர் குளிருங்க சார், அதனாலதான்" என்றார்கள். அன்று பகலில் 18 டிகிரி! 2024-ல் நார்வே நாட்டில் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய 89 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். அங்கே குளிர்காலத்தில் மைனஸ் இருபதுக்குக் கீழே போகிற ஊர்களிலும் வீட்டு வாசலில் சார்ஜ் ஆகிறது. கோத்தகிரிக் குளிரில் ஒரு சுவர்ப் பெட்டி ஏன் நிற்க வேண்டும்? இரண்டு வாரம் இதையே மாறி மாறிப் பேசிய பிறகு கோவையிலிருந்து ஒரு டெக்னீஷியனை அனுப்பினார்கள். வருகைக்கு 2,500 ரூபாய். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எர்த் இல்லைங்க சார்" என்றார். எர்த்தின் தடை எவ்வளவு ஓம் காட்டுகிறது என்று கேட்டேன். அளக்கிற கருவியைக் கொண்டுவரவில்லை. மலை ஏறி வந்து, டீ குடித்துவிட்டு, இறங்கிப் போய்விட்டார். 2,500-ம் போயிற்று.

சார்ஜர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. காரின் உடம்பில் கசிவு வந்தால் அந்த மின்சாரம் இறங்கிப் போக மண்ணுக்குள் நல்ல வழி வேண்டும். அந்த வழி இல்லையென்றால் அது சார்ஜ் ஏற்றவே மறுக்கும். பழைய வீடுகளில் எர்த் என்ற பெயரில் ஒரு கம்பி மண்ணுக்குள் போயிருக்கும், அவ்வளவுதான். பல்பும் டிவியும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் எரிந்துகொண்டிருக்கும். கார் சார்ஜர் மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

கோவையில் ஒரு எர்த் மீட்டரை நானே வாங்கினேன். அளந்தால் 38 ஓம். ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்டினோம். நாலு அடியில் பாறை. இரண்டாவது இடம், மூன்றரை அடியில் பாறை. கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் 29-க்குக் கீழே இறங்கவில்லை. இரவில் குழியை மூடாமல் விட்டது என் தப்பு. காலையில் விளிம்பு முழுக்கக் காட்டெருமைக் குளம்பு. ஒரு கன்று உள்ளே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாள் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. தோண்டினால் அன்றைக்கே பலகை போட்டுக் கல் வையுங்கள்.

ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழா வந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. விருந்துக்கு வந்த பெரியப்பா ஒருவர், எண்பது வயதுக்காரர், திண்ணையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். "பாறை மேல வீட்டைக் கட்டிட்டு அங்கேயே மண்ணைத் தேடினா எப்படி? மழைக்கு ஊத்து கிளம்புமே, கேரட் பாத்திக்குக் கீழே, அங்க தோண்டு" என்றார். அங்கே வெயில் காலத்திலும் மண் ஈரமாக இருக்கும் என்பது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் தோன்றவில்லை.

எட்டு அடி, பாறையே இல்லை. கறுப்பு மண். குழாயை இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் களிமண் போட்டு மூடி, வீடு வரை முப்பது மீட்டருக்குத் தாமிரக் கம்பியைப் பைப்புக்குள் விட்டு இழுத்தோம். மீட்டரை வைத்தேன். 3.8. எலக்ட்ரீஷியன் தம்பியும் நானும் கேரட் பாத்திக்கு நடுவில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தோம். மேலே ஓடி வந்து சுவிட்சைப் போட்டால் பச்சை!

ஆனால் மாலை ஆறரைக்கு மறுபடியும் நின்றது. இந்த முறை வோல்டேஜ். எங்கள் வீடு லைனின் கடைசி. ஊரே ஹீட்டர் போடும் நேரத்தில் 190-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. பைக்காராவில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தாத் தண்ணீர் எத்தனையோ ஊர்களுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. அதே மலையில் லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு மாலையில் வோல்டேஜ் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தோம். கீசர்கள் மூன்றையும் வேறு பேஸுக்கு மாற்றினோம். இந்த சார்ஜர் ஒரே ஒரு பேஸில்தான் இழுக்கும், அந்த பேஸில் வேறு பெரிய லோடு இருக்கக்கூடாது. அடுத்து, சார்ஜரின் கரண்டை 32-லிருந்து 16 ஆம்பியராகக் குறைத்தேன். நினைத்துப் பார்த்தால் முதலிலேயே அது போதும். மணிக்கு மூன்றரை யூனிட், இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை 35 யூனிட். 30 யூனிட் பேட்டரி உள்ள கார் காலியாக வந்தாலும் நிரம்பிவிடும். இரவு தங்குகிற இடத்துக்கு வேகம் தேவையே இல்லை. நல்ல எர்த்தும் நிலையான வோல்டேஜும்தான் தேவை. எனவே கரண்டைக் குறைக்க முடிகிற சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வீட்டில் இருக்கிற சாதாரண டைப் ஏசி ஆர்சிசிபி போதாது. காரிலிருந்து வரக்கூடிய டிசி கசிவை அது கண்டுகொள்ளாது. எந்த வகை வேண்டும் என்பது சார்ஜர் கையேட்டில் இருக்கும், அதைப் படித்துவிட்டு அதையே போடச் சொல்லுங்கள்.

குளிர் ஒரு பிரச்சினையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். உறைபனி விழுந்த ஒரு காலை, ஒரு விருந்தினர் ஆறு மணிக்கு எழுந்து பிளக்கைச் சொருகிவிட்டு, ஏறவே மாட்டேனென்கிறது என்று வந்து நின்றார். இரவெல்லாம் வெளியே நின்ற பேட்டரி சில்லிட்டிருந்தது. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உள்ளேயே உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும். அதனால் காரே கரண்டைக் குறைத்துக்கொள்கிறது. இப்போது வருகிறவர்களிடம் சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: மலை ஏறி வந்த வண்டியின் பேட்டரி சூடாக இருக்கும், பெட்டியை இறக்கும் முன் பிளக்கைச் சொருகுங்கள்.

வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. மேட்டுப்பாளையம் 330 மீட்டர், எங்கள் வீடு 1,900. நாலு பேரோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 7 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 30 யூனிட் பேட்டரியில் கால்வாசி. சாலையில் ஓடுவதற்கு ஆகிறது தனி. கீழே செயலி காட்டும் கிலோமீட்டரை நம்பி மலை ஏறாதீர்கள். இறங்கும்போது அதற்கு நேர் எதிர். முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கவே கூடாது. இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லி வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்களே, மின்சாரக் காருக்கு அந்த இரண்டாம் கியர்தான் ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியின் வேகத்தைப் பிடித்து, அதில் வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது. பேட்டரி நூறு சதவீதம் இருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, ரீஜென் வேலை செய்யாது, முழு பாரமும் பிரேக் மேல் விழும். அதனால் நான் 85-க்கு மேல் வைத்துக் கொடுப்பதில்லை. போன வாரம் 82-ல் இறங்கிய ஒரு அக்கா மேட்டுப்பாளையத்திலிருந்து கூப்பிட்டு, "தம்பி, 83 காட்டுதுப்பா!" என்றார்.

கோடையில் எர்த் மறுபடி ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைக்கிறேன். மீட்டர் மற்ற நாட்களில் சும்மாதான் கிடக்கிறது. கட்டபெட்டுப் பக்கம் யாராவது சார்ஜர் வாங்க நினைத்தால், பணம் கட்டும் முன் வந்து எடுத்துப் போய் உங்கள் மண்ணை அளந்து பாருங்கள். எந்த இடத்தில் தோண்டலாம் என்று பார்க்கக் கூப்பிட்டால் பெரியப்பாவும் வருவார்.