கெண்டைக்கால் 28 சென்டிமீட்டர்

செப்டம்பர் 16, 2024, திங்கள்

ஊட்டச்சத்து மாதம் என்று அங்கன்வாடிச் சுவரில் புதுச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். தட்டு நிறையக் காய்கறி, ஒரு குழந்தை, ஒரு கர்ப்பிணி. எழுபதைத் தாண்டியவர் யாரும் படத்தில் இல்லை. கிழவி மெலிந்தால் அது வயசு, குழந்தை மெலிந்தால்தான் நோய் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

காரைக்குடிப் பக்கம் வீட்டோடு இருக்கும் முதியவர்களைப் பார்த்துவரும் ஒரு சிறு குழுவில் எனக்கு உணவியல் வேலை. இந்தச் சுற்றில் எல்லாருக்கும் ஆறு கேள்வித் தாள். பிரான்சின் தூலூஸ் நகர மருத்துவர்களும் கூட்டாளிகளும் 1990களில் உருவாக்கிய பெரிய படிவத்தின் சுருக்கம் இது. மூன்று மாதமாகச் சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, வெளியே நடமாட்டம் உண்டா, பெரிய நோயோ மன அதிர்ச்சியோ வந்ததா, மறதியோ மனச்சோர்வோ இருக்கிறதா, கடைசியாக உயரத்துக்கேற்ற எடை. மொத்தம் 14 மதிப்பெண். 12ம் அதற்கு மேலும் சரி, 8 முதல் 11 வரை கவனம் தேவை, 7ம் அதற்குக் கீழும் ஊட்டக்குறைவு. ஐந்து நிமிட வேலை என்பார்கள். காபி குடிக்காமல் அனுப்பாத ஊரில் அது நடக்காது.

செப்டம்பர் 18, புதன்

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் அக்காவோடு போனேன். எந்த வீட்டில் யார் எப்போது தூங்குவார் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

பெரிய வீடு, ஒரே ஒரு ஆச்சி. வயது 78. மகள் சிங்கப்பூரில். காலையில் சமையல்காரம்மா வந்து மூன்று வேளைக்கும் செய்து வைத்துவிட்டுப் போகிறார். "நல்லாச் சாப்பிடுறீங்களா ஆச்சி?" என்று கேட்டால் "எனக்கென்ன ஆத்தா, நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்வியால் பயனில்லை. நேற்று எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். காபி, இரண்டு பிஸ்கட். ஒன்றரை இட்லி. மத்தியானம் ஒரு கைப்பிடி ரசம் சாதம். சாயங்காலம் காபி. ராத்திரி தண்ணீரில் கரைத்த ஓட்ஸ் கஞ்சி. மனக்கணக்காகப் போட்டாலும் புரதம் 15 கிராமைத் தாண்டாது.

வசதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை என்று பழமும் கிழங்கும் போயின. கொலஸ்டிரால் என்று முட்டையும் தேங்காயும் போயின. பிரஷர் என்று உப்பு. வாயு என்று பருப்பு. யாரோ ஒரு உறவினர் யூரியா ஏறும் என்று சொன்னதில் கொண்டைக்கடலையும் சேர்ந்துகொண்டது. ஆளாளுக்கு ஒன்றை எடுத்தார்கள், யாரும் பதிலுக்கு ஒன்றை வைக்கவில்லை.

முதுகு கூன் விழுந்திருப்பதால் உயரத்தை நம்ப முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கடைசிக் கேள்விக்குப் பதிலாகக் கெண்டைக்கால் அளவு, அதற்கு 3 மதிப்பெண். நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் மடங்கி, பாதம் தரையில் படிய, டேப்பை மேலும் கீழும் நகர்த்தி, சதை எங்கே அதிகமோ அங்கே, இறுக்காமல். 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அந்தக் கேள்விக்குச் சுழியம். ஆச்சிக்கு 28. சாப்பாடு ஓரளவு குறைவு 1, எடை தெரியாது 1, வீட்டுக்குள் மட்டும் நடமாட்டம் 1, ஜூலையில் சிறுநீர்த் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் இருந்ததால் 0, மனநிலை தெளிவு 2, கால் 0. மொத்தம் 5.

எடை 41 கிலோ. கிளம்பும்போது அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைத் துழாவிக் கண்புரை அறுவைச் சிகிச்சைச் சீட்டை எடுத்தார். மார்ச் மாதம், 47 கிலோ. ஆறு மாதத்தில் 5 சதவீதம் தானாக இறங்கினாலே விசாரிக்க வேண்டும் என்பது விதி. இங்கே எட்டில் ஒரு பங்கு போயிருக்கிறது. வளையல் முழங்கை வரை ஏறுவதைச் சமையல்காரம்மா முன்பே கவனித்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, சனி

புரட்டாசி முதல் சனி. ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு, கூட்டுக் குடும்பம். ஐயாவின் எடையைப் பார்த்துவிட்டு மருமகள், "மாமாவுக்குக் குறைச்சல்னு சொல்லாதீங்க" என்று சிரித்தார். எடை நன்றாகத்தான் இருந்தது. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. பாதி எடை தண்ணீர் போலிருக்கிறது. கால் வீங்கியவர்களுக்குக் கெண்டைக்கால் அளவும் பொய் சொல்லும். மேற்கைதான் கதி. தோள் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில், கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். 23.5க்குக் கீழே போனால் உடல் மெலிவு என்று சந்தேகப்படலாம். ஐயாவுக்கு 21.5.

பல்செட் டம்ளரில் கிடந்தது. லூசாகிவிட்டதாம். உடல் வற்றும்போது ஈறும் வற்றும், செட் ஆடும், ஆடினால் மெல்ல முடியாது, மேலும் வற்றும். மீன் மட்டும் முள் எடுத்துத் தந்தால் சாப்பிடுவார். புரட்டாசியில் அதுவும் இல்லை. வீக்கத்துக்கு டாக்டர் இந்த வாரமே பார்க்க வேண்டும். அதற்கு முன் நான் சாப்பாட்டுப் பட்டியல் எதுவும் தருவதாக இல்லை.

செப்டம்பர் 25, புதன்

மழை. தாள்களைச் சரிபார்த்ததோடு சரி.

செப்டம்பர் 27, வெள்ளி

ஓட்டு வீடு, தனிக்கட்டையாக ஒரு அப்பத்தா. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, ரேஷன் அரிசி, கிலோ 30 ரூபாய்க்கு ரேஷன் பருப்பு. காலையில் கேப்பைக் கூழும் கருவாடும், மத்தியானம் பருப்பும் முருங்கைக்கீரையும். பக்கத்து வீட்டுப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாராம். எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண். கால் மட்டும் 30, அதனால் மொத்தம் 11. "கல்யாணத்திலேயே நான் இப்படித்தான் இருந்தேன்" என்றார் அப்பத்தா. பிறவியிலேயே மெலிந்த உடம்புக்கு இந்த எல்லைக்கோடு கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு வாரக் காய்ச்சலைத் தாங்கும் சேமிப்பு உடம்பில் இல்லை. மூன்று மாதத்தில் திரும்ப அளக்க எழுதி வைத்தேன். பெரிய வீட்டு ஆச்சிக்கு 5, இவருக்கு 11.

அக்கா தன் நோட்டில் பிரஷர், சுகர் கட்டங்களுக்குப் பக்கத்தில் கோடு போட்டு 'எடை' என்று எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. ஆச்சி விரதம், ஒருவேளைச் சாப்பாடு என்று கேட்டதும் பயந்தேன். போய்ப் பார்த்தால் வேறு கதை. மறைந்த கணவர் செட்டியாருக்குப் படைத்த இலையில் பருப்பு, வாழைக்காய், உளுந்து வடை, பாயசம். பங்காளி வீட்டிலிருந்து நாலு பேர். படையலில் பத்தியம் கிடையாது. பேசிக்கொண்டே ஆச்சி இரண்டு வடை சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன். பசி செத்துப்போகவில்லை.

நேற்று டாக்டரிடம் பேசியாயிற்று. ஆச்சியின் மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.1 சதவீதம். நலிந்த முதியவர்களுக்கு 8 வரை விடலாம் என்பதே இன்றைய வழிகாட்டல். இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்திவிட்டார். சிறுநீரகப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. ஆகவே கொண்டைக்கடலைக்கு இருந்த தடை போயிற்று.

அக்டோபர் 7, திங்கள்

நவராத்திரி எனக்குப் பிடித்த மாதிரிப் பண்டிகை. தெருவெல்லாம் சுண்டல். அரைக் கிண்ணத்தில் ஏழு கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும். ஆச்சிக்கு மட்டும் கூடுதலாக இரண்டு விசில் விட்டு மசித்துக் கொடுக்கச் சொன்னேன்.

மகள் சிங்கப்பூரிலிருந்து போனில் வந்தார். "பால், வாழைப்பழம், நல்லெண்ணெய்னு எழுதியிருக்கீங்களே, அம்மாவுக்கு சுகர் ஏறிடாதா?"

"கொஞ்சம் ஏறலாம். வாராவாரம் பார்த்துச் சொல்றோம். இப்ப அவங்க விழுந்தா இடுப்பு எலும்பு தாங்காதுங்க."

சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம் எவ்வளவு புரதம் வேண்டும் என்று கேட்டார். முதியவர்களுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம், அம்மாவுக்கு 41 முதல் 49 வரை என்றேன். ஒரே நாளில் அவ்வளவுக்குப் போக முடியாது. நெடுநாள் குறைவாகச் சாப்பிட்ட உடம்பில் திடீரென்று திணித்தால் ஆபத்து. வாரத்துக்கு ஒரு படி ஏற்றலாம். அம்மா சாப்பிடும் நேரத்தில் தினமும் வீடியோ காலில் வருவதாகச் சொன்னார். மாத்திரையைவிட அது நல்லது.

அக்டோபர் 14, திங்கள்

ஆச்சி 41.6. அதே கருவி, அதே காலை நேரம், காபிக்கு முன். அறுநூறு கிராமை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் இறங்கவில்லை. கெண்டைக்கால் அதே 28. சதை ஏற மாதக்கணக்காகும், அதுவும் நடந்தால்தான். வளவை, அதாவது வீட்டின் உள்முற்றத்தை, சுற்றிக் காலையும் மாலையும் நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஐயாவுக்கு இதயக் கோளாறு என்று தெரிந்து, நீர் இறங்க மாத்திரை போகிறது. எடை நாலு கிலோ குறைந்ததில் வீட்டில் பதறிவிட்டார்கள். போனது தண்ணீர் என்று விளக்கினேன். பல்செட்டுக்கு அடுத்த வாரம்.

ஆச்சி வீட்டுச் சமையலறையில் 'சேர்க்கக் கூடாதவை' என்ற பழைய தாள் இன்னும் ஒட்டியிருந்தது. கிழித்துவிடலாமே என்றேன். "ஆளுக்கொரு பேச்சு பேசுவாங்க, பின்பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார் சமையல்காரம்மா. எழுதினேன்: பதினோரு மணிக்குப் பால் ஒரு டம்ளர். மத்தியானச் சாதத்தில் பருப்பு, ஒரு ஸ்பூன் நெய். நாலு மணிக்குச் சுண்டல் அல்லது உளுந்தங்களி. ராத்திரி ஓட்ஸ் என்றால் பாலில். முட்டை, ஐப்பசி பிறந்ததும்.

அதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று ஆச்சி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.