எட்டு வருஷம் கழித்து டாஃப்ட் பங்க்

2005-க்குப் பிறகு பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை இரட்டையர் டாஃப்ட் பங்கின் அடுத்த ஸ்டூடியோ ஆல்பம் 2013 மே மாதம்தான் வந்தது: 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்', 13 பாடல்கள், 74 நிமிடம். நடுவே 2010-இல் 'ட்ரான்: லெகசி' படத்துக்கு இசையமைத்தார்கள். முந்தைய ஆல்பம் சுமார் ஆறு வாரத்தில் முடிந்த வேலை. 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்'-இல் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் ஆள் வைத்து வாசித்தவை. சாம்பிள், அதாவது வேறொரு பதிவிலிருந்து எடுத்த ஒலித்துண்டு, உள்ளது கடைசிப் பாடலில் மட்டும்தான். ஒரு பாடலுக்காக டிஸ்கோ இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடரின் பேச்சைப் பதிவுசெய்ய வெவ்வேறு காலத்து மைக்குகளை வைத்தார்கள். வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது, ஆனாலும் வைத்தார்கள்!

டிஜேக்கள் சறுக்குவது இந்த ஆல்பத்தின் 'கெட் லக்கி' பாட்டில். அதன் வேகம் 116 பிபிஎம் (நிமிடத்துக்கு 116 தாளத் தட்டு). 124-இல் ஓடும் ஹவுஸ் பாட்டோடு கோக்க ஏறத்தாழ 7% ஏற்ற வேண்டும். வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் கீ-லாக் போடாவிட்டால் பாடகர் ஃபாரெலின் குரல் கீச்சிடும். போட்டால் நைல் ராட்ஜர்ஸ் வெட்டி வெட்டி வாசிக்கும் கிட்டாரின் கூர்மை மழுங்கும். அடுத்த பாட்டை 118-க்கு இறக்கிக்கொள்வதே மேல். ஒலியளவையும் கவனியுங்கள்: சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்காமல் மாஸ்டர் செய்த (இறுதியாக ஒலி சீரமைத்த) ஆல்பம் என்பதால், இன்றைய டிராக்குகளுக்குப் பக்கத்தில் சத்தம் குறைவாகத் தெரியும். கெய்னை (உள்வரும் ஒலியளவை) கூட்டுங்கள், உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டரைத் தொடாதீர்கள்.