ஹெச்ஓஏ: வரியும் கட்டணும், சந்தாவும் கட்டணும்

அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கம், அதாவது ஹெச்ஓஏ, குடியிருப்பவர்கள் கூடிப் பேசித் தொடங்கியது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. முதல் வீடு விற்கும் முன்பே பில்டர் விதிப்பத்திரத்தைப் பதிவு செய்துவிடுவார். மனை வாங்கினாலே நீங்கள் உறுப்பினர்.

இதில் உள்ளாட்சிகளுக்கும் பெரிய லாபம். கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவு என்ற சட்டம், சொத்து வரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதத்தில் கட்டிப்போட்டது. கை சுருங்கிய நகரங்கள், உள்தெரு, பூங்கா, மழைநீர்க் குளம் எல்லாவற்றையும் சங்கமே பராமரிக்கட்டும் என்று லேஅவுட் அனுமதியிலேயே நிபந்தனை போட்டன. வரி முழுசாக வரும், செலவு வராது. பில்டரோ மனைகளைச் சிறிதாக்கிக் கூடுதல் வீடுகள் விற்கலாம்.

அந்தக் குளத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். குழாய் வாயில் வண்டல் சேரும், கரை அரிக்கும், கோரை முளைக்கும். வருஷம் போகப் போக ஆழம் குறைந்து, மழைத்தண்ணீர் தெருவுக்கே திரும்பும். தூர்வாரும் செலவு மொத்தமாக ஒரே நாளில் வந்து விழும். விற்பனைக்காக பில்டர் சந்தாவைக் குறைத்தே வைத்திருந்தால் இப்படிப்பட்ட பெரிய செலவுக்கான சேமநிதியில் பணம் இருக்காது. ஃபுளோரிடாவில் பொதுவாக 90 சதவீத மனைகள் விற்று 3 மாதம் வரை நிர்வாகக் குழுவின் பெரும்பான்மை பில்டர் கையில்தான் இருக்கும்.

வீடு வாங்கும் முன் விதிப்பத்திரம், பட்ஜெட், சேமநிதி அறிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். குளம் யார் பெயரில் என்று பெரும்பாலும் லேஅவுட் வரைபடத்திலேயே இருக்கும்.