பவளத் தொட்டியும் சமையல் சோடாவும்

பவளம் வளர்க்கிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது லைட் பற்றித்தான். நான் முதலில் பார்ப்பது கேஎச், அதாவது காரத்தன்மை (தண்ணீரில் எவ்வளவு கார்பனேட், பைகார்பனேட் இருக்கிறது என்ற கணக்கு). கடல்நீரில் அது சுமார் 7 டிகேஎச் (கேஎச்சை அளக்கும் அலகு). தொட்டியில் 7.5 வைத்தாலும் 9 வைத்தாலும் பவளம் சமாளித்துக்கொள்ளும். இன்று 7, நாளை 9 என்று ஆடினால்தான் வம்பு. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனி வெளுத்து, அடியிலிருந்து தோல் உரிய ஆரம்பிக்கும்.

எலும்புக்கூடு கட்டப் பவளம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கால்சியத்தை இழுக்கும்போது, கூடவே கார்பனேட்டும் போவதால் கேஎச் 2.8 இறங்கிவிடும். 420 பிபிஎம் கால்சியத்தில் 20 போனால் யாருக்குத் தெரியும்? கேஎச்சில் 2.8 போனால் தொட்டியே சொல்லிவிடும்.

இறங்கிய கேஎச்சை ஏற்ற விலை கூடிய பாட்டில் எல்லாம் தேவையில்லை, சமையல் சோடா போதும். (பேக்கிங் பவுடர் இல்லை, அது வேறு சரக்கு.) 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஏறத்தாழ 1 டிகேஎச் ஏறும். ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, டோசிங் பம்பில் (அளந்து ஊற்றும் சிறு மோட்டார்) நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுவது உத்தமம். கேஎச் டெஸ்ட்டைத் தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். என் கிட்டில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட, நீலம் மஞ்சளாகும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் நிறம் மாறும் அந்தக் கடைசிச் சொட்டு தப்பாது.

நான் இருப்பது சிங்கப்பூர். இந்தியாவில் கல்பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் வாங்கிவிடாதீர்கள்.