டியூஷன் வகுப்புக்கு அரசு மானியம் வாங்கினோம்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு எங்கள் சங்கம் மாலை டியூஷன் நடத்துகிறது. (ஊருக்கு 2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வாய்தான் மாறவில்லை.) சென்ற ஆண்டு முதல்முறையாக அரசு மானியத்துக்கு மனுப் போட்டோம்.

வகுப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று பார்த்தால், முதலில் கேட்டது சங்கப் பதிவை. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கூட்டக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு, பொறுப்பாளர் பட்டியல் எல்லாம் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். எங்கள் செயலாளர் அக்கா தோட்ட ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர். ஒரு வருஷத்தையும் விட்டதில்லை. அதனால் தப்பித்தோம்.

அப்புறம் ஒப்பந்தம். முழுக்க மலாய், அதுவும் சட்ட மலாய். எங்கள் தோட்டத்தில் வளர்ந்து இப்போது கிள்ளானில் வழக்கறிஞராக இருக்கும் தம்பி உட்கார்ந்து வரி வரியாக விளக்கினார். மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, செக்கில் இருவர் கையெழுத்து, எல்லாச் செலவுக்கும் ரசீது, மிச்சமிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும், அறிக்கை தாமதமானால் அடுத்த தவணை கிடையாது. சரி, மக்கள் பணம், கேட்கத்தான் வேண்டும். 2024-ல் தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அரசுப் பணம் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து தணிக்கை செய்யத் தலைமைக் கணக்காய்வாளருக்கு அதிகாரம் கூடியிருக்கிறது.

"அவங்க பணம் லேட்டாக் கொடுத்தா என்னண்ணே?" என்று தம்பி கேட்டார். புரட்டிப் பார்த்தோம். அதற்கு ஒரு வரி இல்லை.

அதுவேதான் நடந்தது. இரண்டாம் தவணை மாதக்கணக்கில் இழுத்தது. ஆசிரியைகளுக்கு அலவன்ஸ் நிறுத்த முடியுமா? கோயில் தலைவரிடம் கைமாற்று வாங்கினோம். மானியக் கணக்கில் வெளிப் பணம் கலக்கக் கூடாது என்பதால், அதைச் சங்கத்தின் பழைய கணக்கில் போட்டு அங்கிருந்து கொடுத்தோம். மானியம் வந்ததும் ஈடு கட்டிக்கொள்ள அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி வைத்தார் அக்கா. கணக்காய்வாளர் முதலில் கை வைத்தது அந்த வவுச்சரில்தான். கடிதத்தை நீட்டியதும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

இத்தனை கண்காணிப்பில் வகுப்பைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. படமும் வருகைப் பதிவும் போதுமாம். பிள்ளை வாசிக்கக் கற்றதா என்று கேட்க அறிக்கைப் பாரத்தில் இடமே இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அடுத்த மானியத்துக்கான ஒப்பந்தத்தில் தவணைத் தேதியையும் எழுதும்படி கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறார் தம்பி. பள்ளி திறக்கப் போகிறதே என்கிறார் அக்கா.